ஸ்டூலை நகர்த்துகிற திருடன்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், நீங்கள் அனுப்பிய கேமராவும் நலம். அதுபோல் அங்கு நீங்களும் பாப்பாவும் குழந்தைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். செய்தி அனுப்பலாம் என்றால் உங்கள் போனை என் மகள் பாப்பா எடுத்துப் பார்ப்பாள் என்பது உங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, பெற்றவன் எனக்குத் தெரியும். ஆகவேதான் இந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியமாகக் கடிதம் எழுதி, அதையும் உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். படித்து முடித்ததும் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்களானால் துவைக்கப் போடுகிற அன்று நேரே பாப்பா கையில் போய்ச் சேரும். மேலே எழுதிய நலமெல்லாம் கடிதத்துக்குரிய மரியாதைக்காக எழுதியது. கேமரா மட்டும்தான் உண்மையில் நலம்.

போன மாதம் உங்களிடம் திருடன் வருகிறான் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் ரொம்பப் பொறுமையாக, "என்ன மாமா எடுத்துட்டுப் போனான்?" என்று கேட்டீர்கள். எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, பின்கட்டில் இருக்கிற ஸ்டூலை ராத்திரி எங்கேயோ கொண்டுபோய்விட்டு விடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறான் என்று சொன்னேன். அப்புறம், "வெச்ச இடத்துலயேதான் வெக்கிறானா மாமா?" என்றீர்கள். ஒரு சாண் தள்ளி வைக்கிறான் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை, அது உங்கள் பெருந்தன்மை. பத்தே நாளில் இருட்டிலும் பார்க்கிற கேமரா ஒன்றை வாங்கி அனுப்பியும்விட்டீர்கள். இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டு ஸ்டூலுக்காக இவ்வளவு செய்வார்? ஆனால் ஸ்டூல் ஒரு சாண் தள்ளியிருப்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வசமாக மாட்டியிருப்பேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது மாப்பிள்ளை. பதறாதீர்கள், முழுக்கப் போகவில்லை. ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. நேரே பார்த்தால் தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது, இருட்டிவிட்டால் இரண்டும் தெரியாது. பதினாலு மாதத்துக்கு முன்னால் உங்கள் அத்தையிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்கள் என்றார். நான் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். "பயப்படாம அமுக்குங்க சார்" என்றார். "வெளிச்சம் வந்தா அமுக்க மாட்டேனா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று எரிந்து விழுந்தேன். அதுவரை இருபது தடவை வந்து போயிருந்ததாம். கண் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும் என்று சொல்லி, "அடுத்த தடவை வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். நான் அடுத்த தடவை போகவே இல்லை.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது வருஷமும் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்தது உங்கள் அத்தைதான். பெற்ற பிள்ளை நான் வேலை வேலை என்று ஓடிப்போய்விட்டேன். அம்மா போய் ஒரு மாதம் கழித்து, இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "இனிமே யாரையும் தூக்கிவிட என்னால ஆகாதுங்க, கை விட்டுப் போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது சிரிப்பு இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் மரமண்டை இல்லை. அவளிடம் போய், இந்தா அடுத்த ஆள் ரெடி என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? சொட்டு மருந்துப் புட்டியை என் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்தேன். அவள் தூங்கினபிறகு எடுத்துக் குத்துமதிப்பாகக் கண்ணில் விடுவேன். பாதி கன்னத்தில் போகும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடியற்காலை நாலு மணிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். எழுந்து போய்க் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்புவது முப்பது வருஷமாக என் வேலை. அதை விட்டுக்கொடுத்தால் ஏன் என்று கேள்வி வரும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டிலிலிருந்து பதினோரு அடி வைத்தால் ஸ்டூல் வந்து முழங்காலில் இடிக்கும். இடித்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். நாலு அடியில் வாளி. அதைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நேரே போனால் பின்கதவு, வெளியே செருப்புப் பலகை, அதைத் தாண்டினால் குழாய். ஸ்டூல், வாளி, பலகை, இந்த மூன்று பேரும்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார்கள். விளக்குப் போட மாட்டேன். போட்டால் உங்கள் அத்தை எழுந்துவிடுவாள், நான் காற்றைத் துழாவிக்கொண்டு நடக்கிற லட்சணத்தைப் பார்த்துவிடுவாள். இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் பதினோரு அடி வைத்தேன், ஸ்டூல் இல்லை. பன்னிரண்டு, இல்லை. பதின்மூன்றாவது அடியில் அலமாரி மூலை நெற்றியில் மோதியது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஸ்டூல் பச்சைப் பிள்ளை மாதிரி தன் இடத்தில் நிற்கிறது, ஒரு சாண் தள்ளி.

"நெத்தியில என்னங்க?" என்றாள் உங்கள் அத்தை.

"கொசு கடிச்சுது."

"கொசுவா?"

"பெரிய கொசு."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மருந்தை எடுத்து வந்து தடவிவிட்டாள். அடுத்த நாள் வாளியைக் காணோம். அதற்கடுத்த நாள் மூன்றையும் காணோம், நான் குழாய்க்குப் பதிலாகத் துணி உலர்த்துகிற கயிற்றில் போய் மாட்டிக்கொண்டு நின்றேன். யாரோ ராத்திரி உள்ளே வருகிறான் என்று சொன்னால், "யாரும் வரலை, பேசாம இருங்க" என்று வெடுக்கென்று சொல்கிறாள். வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான், இவளுக்கு ஒரு அக்கறையும் இல்லையே என்று எனக்கு ஆத்திரம். போதாததற்கு ஒரு வருஷமாக அவளுக்குப் பகலெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்குகிறாள், காய் நறுக்கும்போது தூங்குகிறாள். "மகாராணி ராத்திரியெல்லாம் ஊர்க்காவல் பார்த்தீங்களோ?" என்று கூட ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்ட வாயை என்ன செய்தால் தகும் என்று இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். பெட்டி வந்து சேர்ந்தது. நான் ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவி முப்பத்து நாலு வருஷம் சம்பளம் வாங்கினவன். படம் பிடிக்கிற சாமான் எதுவானாலும் வெளிச்சத்தில் பிரித்தால் கெட்டுப்போகும் என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. பெட்டியின் மேல் வேறு குறைந்த வெளிச்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததா, நான் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, கும்மிருட்டில் உட்கார்ந்து பிரித்தேன்.

"உள்ளே என்னங்க பண்றீங்க?"

"கேமரா பிரிக்கிறேன்."

"அதை எதுக்கு இருட்டுல பிரிக்கணும்?"

"வெளிச்சம் பட்டா கெட்டுடும்."

"ரோட்டுல கம்பத்துக்கு கம்பம் மாட்டி வெச்சிருக்காங்களே, வெயில்ல?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்ததைக் காட்டிக்கொள்ள முடியுமா? மீதியையும் இருட்டிலேயே பிரித்து முடித்தேன். நாலு திருகாணியில் இரண்டு உருண்டு போயிற்று. படத்தைச் சேமித்து வைக்கிற, நகத்தளவே இருக்கும் அட்டை ஒன்று இருந்ததல்லவா, அதுவும் போயிற்று.

மறுநாள் மின்வேலைக்காரர் வந்தார். தெருவில் அவருக்கு ஏணி என்று பெயர். ஆறடிக்கு மேல் உயரம், எந்த வேலைக்கும் ஏணி கொண்டுவருகிற வழக்கம் கிடையாது. வாசல் கேட்டுக்கு மேல் அளவு எடுக்க ஆரம்பித்தவரை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் நிறுத்தி, இங்கே, உள்பக்கம் பார்த்து மாட்டுங்கள் என்றேன். "திருடன் உங்க பெட்ரூம்லேர்ந்தா சார் வர்றான்?" என்றார். சொன்ன இடத்தில் மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். போனில் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்ததால் கேமராவின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி அதன் கண்ணையே கூச வைக்கிறதாம். திருப்பி மாட்டினார். இப்போது ஒரு பல்லி போனது. என் போன் "ஆள் நடமாட்டம்! ஆள் நடமாட்டம்!" என்று ஒரு பெண் குரலில் கூப்பாடு போட்டது. பல்லி திரும்பி வந்தது, மறுபடி கூப்பாடு. "ஒண்ணு அதை நிறுத்துங்க, இல்லேன்னா நான் எங்கேயாவது போயிடறேன்" என்று உங்கள் அத்தை கத்த, ஏணி சத்தத்தை அணைத்தார். பிறகு சாமான் அறைக்குள் கேமராவைக் கொண்டுபோய், "சின்னச் சின்னதா செவப்பு மின்னுது பாருங்க சார், அதுதான் இருட்டுக்கான லைட்டு" என்று காட்டினார். நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் சிவப்பு விளக்கில் வேலை பார்த்தவன் மாப்பிள்ளை நான். "ஆமா ஆமா, நல்லா செக்கச்செவேல்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியாக ஏணி ஒரு யோசனை சொன்னார். என்னதான் இருட்டுக் கேமரா என்றாலும் துளி வெளிச்சம் இருந்தால் படம் தெளிவாக வரும், ஒரு சின்ன பல்பை ராத்திரி முழுக்க எரியவிடுங்கள் என்றார். "வேணாம்!" என்று நானும் உங்கள் அத்தையும் ஒரே மூச்சில் கத்தினோம். கல்யாணம் ஆகி நாற்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சேமிக்கிற அட்டை இல்லாதவரை இது சும்மா பொம்மைதான், எதையும் பதிவு பண்ணாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு உங்கள் அத்தை முகம் தெளிந்ததே, அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். "தொலைஞ்சது போகட்டும் விடுங்க, பொம்மையைப் பார்த்தே திருடன் பயந்துடுவான்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அந்த அட்டை என் சட்டைக் கை மடிப்பிலிருந்து விழுந்தது. உங்கள் அத்தை மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். ஏணியை அவசரமாகக் கூப்பிட்டு அட்டையைச் செருகிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து அவள் எதிரில் நிறுத்தி, இப்போ என்ன சொல்றே என்று கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

ஒரு வாரம் கழித்து, பகல் பத்து மணிக்கு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பார்த்தேன். உங்கள் அத்தை எதிர் நாற்காலியில் வழக்கம்போல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். படத்தில் மணி மூன்று முப்பத்தைந்து. எல்லாம் சாம்பல் நிறம். ஒரு உருவம் வருகிறது. வெறுங்கால். கண் இரண்டும் பூனைக்கு மின்னுவதுபோல் மின்னுகிறது. உருவம் குனிந்து ஸ்டூலை இழுக்காமல், தரையில் உரசவிடாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் ஓரமாக வைக்கிறது. திரும்பி வந்து வாளி. பிறகு செருப்புப் பலகை. அப்புறம் தரையில் உட்கார்ந்து, கட்டிலிலிருந்து கதவுவரை, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போகிறது, எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று. ஒரு இடத்தில் இருந்தது போலிருக்கிறது, துணியை எடுத்துத் துடைக்கிறது. எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது பாருங்கள், அதில்தான் இன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு நான் வருகிறேன். நான் நடப்பதை நானே பார்த்தது அன்றைக்குத்தான். வாயைத் திறந்து அடிகளை எண்ணிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறேன். பதினோரு அடியில் ஸ்டூலைத் தேடி முழங்காலை முன்னால் முன்னால் தள்ளுகிறேன். எனக்கு ஒரு அடி பின்னால் அவள் வருகிறாள். இரண்டு கையையும் என் முதுகுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, தொடாமல், நான் திரும்பினால் திரும்பி, நின்றால் நின்று. நான் கதவில் போய் முட்டிக்கொண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் குழாயைத் திறந்து, மூடி, திரும்பி வந்து படுக்கிறவரை பின்னாலேயே வருகிறாள். அப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைக்கிறாள். மணி நாலு ஐம்பது. ஏழு ராத்திரியும் பார்த்தேன். ஏழு ராத்திரியும் இதேதான். நான் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அவள் எடுத்து வைத்தது எல்லாம் நான் வழி கண்டுபிடிக்க வைத்திருந்த அடையாளம். அவள் எடுத்ததால் நான் முட்டிக்கொண்டேன், நான் முட்டிக்கொண்டதால் அவள் இன்னும் கவனமாக எடுத்தாள். இப்படி ஒரு கூத்து எந்த வீட்டிலாவது நடக்குமா?

போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஷூவுக்குள் கையை விட்டேன். சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. மூக்கருகே வைத்துத் தேதியைப் பார்த்தேன். போன வாரம் வாங்கினது. ஒரு புட்டி பதினாலு மாதம் வருகிறதே, எவ்வளவு சிக்கனமான மருந்து என்று நான் பாட்டுக்கு மெச்சிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் மாதா மாதம் புதுப் புட்டி வாங்கி வைத்திருக்கிறாள். யாரையும் தூக்க ஆகாது என்று சொன்னவள் இத்தனை நாளாக ஸ்டூலையும் வாளியையும் பலகையையும் ராத்திரிக்கு இரண்டு தடவை தூக்கியிருக்கிறாள். நான் அவளைப் பார்த்து மகாராணி என்று கேட்டேன். அழுதேன் மாப்பிள்ளை. அவள் முழித்துக்கொள்ளக் கூடாதே என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால், எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரிந்தே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதாவது பகலில் எனக்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறாள், சண்டை போடுகிறாள், கடைக்குப் போய்வாருங்கள் என்கிறாள். சொன்ன மறுநாளிலிருந்து நான் நோயாளி. ஆகவே சொல்லாமலே அவள் வேலையைக் குறைக்கலாம் என்று ஸ்டூலை ஏணியிடம் தானமாகக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரிப் படத்தை மறுநாள் பார்க்கிறேன், அவள் ஸ்டூலைக் காணாமல் தவித்துப்போய், அது வேறெங்கோ என் வழியில் கிடக்கிறது என்று நினைத்து, வீடு முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து முக்கால் மணி நேரம் தேடுகிறாள். காலையிலேயே ஏணி வீட்டுக்கு ஓடிப்போய்க் கொடுத்த ஸ்டூலைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ, போகட்டும்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களிடம் கேட்பது இதுதான். கேமராவில் ஏதோ கோளாறு, திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். பாப்பாவுக்கு எதுவுமே தெரிய வேண்டாம், தெரிந்தால் அடுத்த வண்டியில் வந்து எங்கள் இருவரையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவாள். நாங்கள் இப்படியே ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறோம். ராத்திரிதான் கொஞ்சம் சிரமம். பகலில் கடவுள் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் வேலையில் மேன்மேலும் உயர்வு வரட்டும். குழந்தைகள் ஓடியாடி நன்றாக வளரட்டும். பாப்பாவின் கோபத்தைப் பொறுத்துக்கொள்கிற உங்கள் பொறுமைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இருவரின் ஆசியும் உங்கள் நால்வருக்கும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. மேலே உள்ளது எல்லாம் உங்கள் மாமா எழுதியது, ஆனால் கையெழுத்து முழுக்க என்னுடையது. அவர் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அது மருந்துக் கடை வாசலில் தொங்குகிற புகார்ப் பெட்டி. கடைக்காரர் அவர் போடுவதைப் பார்த்திருக்கிறார், கூப்பிட்டுச் சொன்னால் மனது கஷ்டப்படுமே என்று பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உறையில் உங்கள் முகவரி ஒரு வரி மேல் ஒரு வரி ஏறிக் கிடந்தது. உறையை மட்டும் மாற்றலாம் என்றுதான் பிரித்தேன். உள்ளேயும் அப்படியேதான் இருந்தது. ஒரு பக்கத்தில் அதே இடத்திலேயே ஐந்தாறு வரி எழுதியிருக்கிறார். உங்களால் ஒரு வார்த்தை படித்திருக்க முடியாது. நாற்பத்திரண்டு வருஷமாக அவர் எழுத்தைப் படிக்கிற எனக்கே மூன்று நாள் ஆயிற்று. அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து திருப்பி எழுதினேன். எதையும் மாற்றவில்லை, என்னைத் திட்டினதைக் கூட விடவில்லை.

பகலில் குறையில்லை என்று எழுதியிருக்கிறார். சாப்பிடும்போது கை தட்டுக்கு வெளியே போகிறது, நான் பேசிக்கொண்டே தட்டை நகர்த்தி வைப்பேன். அவர் கதவில் முட்டிக்கொண்டபோது நான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் அழுதேன். மற்ற நாளெல்லாம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினேன், அவர் கதவைப் பார்த்து "யாருய்யா நீ?" என்று ரகசியமாகச் சண்டை போடுவார். ஸ்டூல் அவருக்கு அடையாளம் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். உடனே நிறுத்தினால் சந்தேகம் வரும், அதனால் முதலில் வாளியை எடுக்காமல் விட்டுவிட்டேன், அடுத்த வாரம் ஸ்டூலையும் விட்டுவிடுவேன்.

நீங்கள் கேமராவை எடுக்க வர வேண்டாம். கண் காட்ட வாருங்கள். உங்களுக்குக் கண்ணில் ஏதோ தொந்தரவு, பெரிய டாக்டரைப் பார்க்கணும், துணைக்கு வாங்க மாமா என்று அவரைக் கூப்பிடுங்கள். அவருக்காக என்றால் அசைய மாட்டார், உங்களுக்குத் துணை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கண் டாக்டர் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மிச்சத்தை இன்னும் நிறுத்தி வைக்கலாம், இந்த மாதத்துக்குள் கூட்டி வாருங்கள் என்றார். பாப்பாவிடம் நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

வருவதற்கு முன்னால் அவருக்கு ஒரு பதில் போடுங்கள். எனக்குத் தெரியக் கூடாது என்று எழுதியிருக்கிறார், அதனால் எனக்குத் தெரியாது. 'உங்கள் கையெழுத்து முன்னைப் போலவே நன்றாக இருக்கிறது மாமா' என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை மட்டும் பெரிதாக எழுதுங்கள்.